முத்தட்டும் நைனா

ஆம்பூர்ப் பக்கத்தில் கையால் அப்பர் தைக்கும் தெரு எது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. காலை வெளிச்சம் எந்த வாசலில் விழுகிறதோ அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் தோல், கையில் ஊசி, பக்கத்தில் மெழுகு நூல் கண்டு. கம்பெனியில் வெட்டிய துண்டுகளை ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துக் கொடுத்தால் ஜோடிக் கணக்கில் கூலி. வெயில் நகர நகர வரிசையும் நகரும். அதில் ஒருவர் என் அத்தை.

ஒரு மழைக்காலத்தில் அவர் தைத்த நாலு ஜோடி திரும்பி வந்தது. கருப்புத் தோலுக்குக் கருநீல நூல் போட்டிருக்கிறார் என்று சொல்லி ஏஜென்ட் கூலியைப் பிடித்துக்கொண்டார். அத்தை விடவில்லை. நூல் கருப்புதான், அவன் கண்ணில்தான் கோளாறு என்று தெரு முழுக்கச் சொன்னார். திரும்பி வந்த ஜோடிகளில் ஒன்றைச் சாட்சிக்கு வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரியாத காலம் அது. 2019-க்கு முன்பு ஆம்பூர்க்காரர்களுக்கும் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்தான். ஒரு திங்கட்கிழமை உதவித்தொகை மனு கொடுக்க, அத்தை முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். மனுவில் கையெழுத்துப் போடும் இடத்தை நான் விரலால் காட்டினேன். பேனா அந்த இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே போய் இறங்கியது. குனிந்து முகத்தைப் பார்த்தேன். இடது கண்ணின் பாவையில், மோரில் நனைத்த மாதிரி ஒரு வெளுப்பு.

“புரை விழுந்திருக்கு அத்தை. நாளைக்கே காட்டிடலாமா?”

“இன்னும் முத்தல நைனா. முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்.”

மரத்துப் புளியைப் பற்றிப் பேசுவது போல அவ்வளவு நிதானமாகச் சொன்னார். புரை முத்த வேண்டும் என்று அவருக்குச் சொன்னது அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்குச் சொன்னது யாரோ ஒரு டாக்டர். இதில் விஷயம் என்னவென்றால், அந்த டாக்டர் சொன்னது அன்றைக்குச் சரிதான்.

அது எப்படிச் சரி, எப்போது தப்பாயிற்று என்று தெரிய, முத்துவது எது என்று பார்க்க வேண்டும். பாவைக்குப் பின்னால் 9 மி.மீ. அகலமும் 4 மி.மீ. கனமும் உள்ள லென்ஸ் இருக்கிறது. லென்ஸ் என்பதே லத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர்; இரண்டுக்கும் ஒரே வடிவம். உடம்பில் இதைப் போல இன்னொரு உறுப்பு இல்லை. ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. அதன் உள்ளே இருக்கும் செல்கள், வளர்ந்து முடிந்ததும் தங்கள் உட்கருவையே கரைத்து ஒழித்துவிடுகின்றன. வெளிச்சம் முட்டிச் சிதற எதுவும் உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காக வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிட்டுச் சுவரை மட்டும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. மிஞ்சுவது தண்ணீரும், கிரிஸ்டலின் என்னும் புரதமும். அந்தப் புரதம் சீராக நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால்தான் லென்ஸ் கண்ணாடியாக இருக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. உட்கரு இல்லாத செல்லால் புதிய புரதம் செய்ய முடியாது. தோல் உரிந்து புதுத்தோல் வருகிறது, ரத்தம் புதிதாக ஊறுகிறது. லென்ஸின் நடுமையம் மட்டும் நீங்கள் தாய் வயிற்றில் இருந்தபோது அம்மா சாப்பிட்ட சோற்றில் உருவான அதே பொருளாகக் கடைசி வரை கிடக்கிறது. இறந்துபோன ஒருவரின் லென்ஸ் மையத்தில் உள்ள கார்பனை அளந்து அவர் ஏறத்தாழ எந்த ஆண்டில் பிறந்தார் என்று கணிக்கிறார்கள். கிரீன்லாந்துச் சுறாவின் வயதை 2016-ல் இந்த வழியில் அளந்தபோது, ஒரு சுறா 400 ஆண்டுகளை ஒட்டி வாழ்ந்திருக்கலாம் என்று தெரியவந்தது.

அறுபது எழுபது வருஷம் மாற்றாமல் வைத்திருக்கும் புரதம் கெடாமல் இருக்குமா? வெயில், சர்க்கரை நோய், புகை, வயசு எல்லாம் சேர்ந்து கிரிஸ்டலின் மூலக்கூறுகளின் மடிப்பை அவிழ்க்கின்றன. அவிழ்ந்ததைப் பிடித்துக் கட்டிப்போட அந்தப் புரதக் குடும்பத்திலேயே ஒரு காவல்காரர் உண்டு. ஆல்ஃபா கிரிஸ்டலின் என்று பெயர். அந்தக் காவலும் பிறவியில் கொடுத்த இருப்புதான். அது தீர்ந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. ஊடுருவித் தெரிந்த முட்டை வெள்ளைக்கரு, சட்டியில் விழுந்ததும் வெளுக்கிறதே, அதுவேதான். இங்கே அடுப்பு மட்டும் மிக மெதுவாக எரிகிறது. லென்ஸ் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், வெளுக்கும். பாலைத் தயிராக்க ஊற்றும் துளிக்கும் நம் ஊரில் புரை என்று ஒரு பெயர் உண்டு. யார் முதலில் இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னார்களோ, அல்லது அது தற்செயல்தானோ, கண்ணுக்குள் நடப்பது என்னவோ உறைதல்தான்.

பழைய வைத்தியத்தில் புரையை வெளியே எடுக்கவில்லை, தள்ளிவிட்டார்கள். கண்ணின் ஓரத்தில் ஊசியைச் செலுத்தி, வெளுத்த லென்ஸைக் கீழே அழுத்தி, பாவையின் வழியிலிருந்து விலக்கிவிடுவது. சுசுருதர் பெயரில் வரும் மருத்துவ நூலில் இந்த முறை இருக்கிறது. ஊர் ஊராகப் போய் ஊசி போட்டவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. அங்கே பணிபுரிந்த ராபர்ட் ஹென்றி எலியட், அப்படி ஊசி போட்டுக் கெட்டுப்போன கண்களைப் பார்த்துப் பார்த்து 1917-ல் ஒரு புத்தகமே எழுதினார். தள்ளிவிட்ட அந்த நிமிஷம் வெளிச்சம் வரும். ஊசிக்காரர் காசு வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சீழ் பிடிப்பதும் கண் அழுத்தம் ஏறுவதும் அதற்குப் பிறகு.

பிறகு கண்ணைத் திறந்து லென்ஸை எடுக்கும் முறை வந்தது. முத்தாத லென்ஸில் ஓரச் சதை பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எடுத்த பின்னும் துணுக்குகள் உள்ளே தங்கிக் கண்ணைப் புண்ணாக்கும். முத்தியதோ மொத்தமாகக் கழன்று வரும். ஆக, காத்திருப்பதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆபரேஷனுக்குப் பிறகு கிடைத்த பார்வை. கருவிழியின் ஓரத்தில் பாதிச் சுற்றுக்கு வெட்டுவார்கள். நோயாளி தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து, நாள்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எடுத்த லென்ஸுக்கு மாற்றாகக் கண்ணுக்குள் எதுவும் வைக்காததால், வெளியே மூக்கின் மேல் சோடாபுட்டிக் கண்ணாடி ஏறும். அந்தக் கண்ணாடியில் எல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும். படிக்கட்டு பக்கத்தில் வந்துவிட்டதாக நினைத்துக் காலை வைத்தால் காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. ஓரப் பார்வையில் ஒரு வளையம் அளவுக்கு எதுவுமே தெரியாது. அந்த இடைவெளியிலிருந்து மாடு, சைக்கிள், பேரப்பிள்ளை எல்லாம் திடீரென்று குதிக்கும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் என்றால் ஒரு கண்ணில் பெரிய உலகம், இன்னொன்றில் சின்ன உலகம். இரண்டும் சேராது. கண்ணாடி உடைந்தால் மறுபடியும் குருடு. இந்தப் பார்வைக்காக, ஓரளவு தெரிந்துகொண்டிருக்கும் கண்ணை யார் வெட்டிக்கொள்வார்கள்? முழுக்க இருட்டட்டும், முத்தட்டும் என்று டாக்டரே சொன்னார்.

அந்தச் சொல்லைக் காலாவதியாக்கியது ஒரு போர் விமானத்தின் மேல்மூடி. 1940-ல் ஒரு பிரிட்டிஷ் விமானியின் விமானம் சுடப்பட்டு, மூடியின் பிளாஸ்டிக் சிதறல்கள் அவர் கண்ணுக்குள் போய்த் தைத்தன. சாதாரணமாக அந்நியப் பொருள் கண்ணுக்குள் போனால் கண் சிவந்து, கொதித்து, அழுகும். அவரைப் பார்த்த ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர், சிதறல் உள்ளேயே கிடந்தும் கண் அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதைக் கவனித்தார். அந்த வகைப் பிளாஸ்டிக்கிலேயே ஒரு சின்ன லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29-ல் லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக மருத்துவர்கள் வெகுகாலம் அவரை ஏளனம் செய்தார்கள். ஒரு துணுக்கைப் பார்த்து நூறு பேர் ‘எடுத்துவிடலாமா, விட்டுவிடலாமா’ என்று யோசிப்பார்கள். ‘இதைக் கொண்டே செய்யலாமே’ என்று யோசிப்பவர் ஒருவர்தான்.

லென்ஸ் வந்தாலும் அது ஏழைக்கு வரவில்லை. வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலரை ஒட்டி விற்ற காலத்தில், நம் ஊர் முகாம்களில் சோடாபுட்டிதான் நடந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். பேனாவைப் பிடிப்பதே பாடாக இருந்த அந்த விரல்களுக்கு அறுவைக் கத்தியைப் பழக்கியவர். அந்த நிறுவனம் 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை மதுரையிலேயே வைத்து லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. விலை பத்து டாலருக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம் இதுதான்: கத்தியை விடக் கணக்குப் புத்தகம் அதிகப் பேருக்குப் பார்வை கொடுத்தது.

இன்றைய ஆபரேஷனில் முத்த வேண்டிய அவசியமே இல்லை. வெண்விழியில் 6 மி.மீ. அளவில் சரிவாக ஒரு சுரங்கம் வெட்டுகிறார்கள். கண்ணின் உள்ளழுத்தமே அந்தச் சுரங்கத்தை மூடிவிடுவதால் தையல் கிடையாது. லென்ஸைச் சுற்றி இருக்கும் உறையின் முன்பக்கத்தைத் திறந்து, புரையை வெளியே வழுக்கி எடுத்து, உறையைத் துடைத்துவிட்டு, அதே பைக்குள் பிளாஸ்டிக் லென்ஸைச் செருகுகிறார்கள். கைதேர்ந்தவருக்குப் பத்து நிமிஷம் கூட ஆகாது. உறையின் பின்பக்கம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஒரு மில்லிமீட்டர் தோலை ஓரம் சீவி மெலிதாக்கும் ஆம்பூர்க் கைக்கு அது எவ்வளவு மெல்லிசு என்று புரியும். அது கிழியாமல் செய்வதுதான் வேலை. அதோடு, முத்த முத்தத்தான் இப்போது தொல்லை. லென்ஸ் கல்லாக இறுகும். ஊதிப் பெருத்தோ கசிந்தோ கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். வலி வந்து ஓடிவருவதற்குள் நரம்பு செத்திருந்தால் பிளாஸ்டிக் லென்ஸால் பயனில்லை. நேற்றைய புத்திமதி இன்றைக்கு ஆளைக் குருடாக்குகிறது.

இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைத் தாண்டியவர்களில் 1.99 விழுக்காட்டினருக்குப் பார்வை இல்லை. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் புரை. பத்து நிமிஷ வேலை, ஒரு சாப்பாட்டு விலைக்கு ஏறத்தாழ ஒரு லென்ஸ், அப்படியும் ஏன் இத்தனை பேர்?

வேலூருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-ல் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனைதான் இன்றைக்கு ஆரணி ரோட்டில் சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவமனையாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ‘ஷெல்’ என்றால் கண் என்று அர்த்தம். அங்கே கண் துறைக்கு 1947-ல் வந்தவர் விக்டர் ரேம்போ. அதற்கு முன்பு முங்கேலியில், இன்றைய சத்தீஸ்கரில், வேலை செய்தவர். குருடர்கள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள், ஆஸ்பத்திரிதான் போக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பள்ளிக்கூடமோ சத்திரமோ, கிடைத்த கூடம் தியேட்டர் ஆகும். கிராமத்து முகாம் என்பதை ஒரு முறையாகவே ஆக்கினார். 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ‘கண்ணொளி வழங்கும் திட்டம்’ என்று ஊர் ஊராக இலவச முகாம் போட்டது. கருப்புக் கண்ணாடி போட்ட பாட்டிகள் பஸ்ஸில் கூட்டமாக இறங்குவது அப்போதிலிருந்து நாம் பார்க்கும் காட்சி. கூடங்களில் கத்தி எடுத்ததால் கிருமித்தொற்று பயம் இருந்தது. இப்போது முகாமில் சோதனை மட்டும், ஆபரேஷன் ஆஸ்பத்திரியில்.

ஆனால் முகாம் போட்டால் எல்லாரும் வந்துவிடுகிறார்களா? தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளிவந்தது. முகாம் நடந்த இடத்துக்கு எட்டும் தூரத்தில், கண் கோளாறோடு இருந்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடு. நூற்றுக்கு ஏழு! இலவசம் என்று மைக் கட்டிச் சொல்லியும்! பஸ் காசு, போன நாளின் கூலி, கூட வர ஆள் இல்லாதது, வீட்டில் சமைக்க ஆள் இல்லாதது, பயம், ‘இந்த வயசுக்கு இது போதும்’ என்ற நினைப்பு. இலவச ஆபரேஷனுக்கு ஏழை கொடுக்கும் விலை இதெல்லாம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் முகாமை நம்பியிருக்காமல், சின்ன ஊர்களில் நிரந்தரக் கண் மையம் வைப்பது வளர்ந்தது. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதிப்பார், டாக்டர் திரையில் பேசுவார்.

புரை ஒன்றுதான் பார்வையைப் பறிப்பது என்று நினைத்துவிடக்கூடாது. சத்துவாச்சாரியிலிருந்து பாலாற்றைத் தாண்டிக் காட்பாடி வழியாகப் போனால் கரிகிரி வரும். 1955-ல் அங்கே தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயில் மடங்கிய கைகளை நிமிர்த்தியது பலருக்குத் தெரியும். அவர் மனைவி மார்கரெட் பிராண்ட், கண் மருத்துவத்தில் முன்பயிற்சி இல்லாமலே வேலூரில் அந்தத் துறைக்குள் தள்ளப்பட்டு, அங்கேயே கற்று, தொழுநோயாளிகளின் கண்ணில் பெயர் பெற்றவர். தொழுநோய் முக நரம்பைத் தாக்கினால் இமை மூடாது. கருவிழியின் உணர்ச்சி போனால் இமைக்க வேண்டும் என்றே தோன்றாது. நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை நாம் யோசிக்காமல் செய்யும் வேலை நின்றுபோனதும் கருவிழி காய்கிறது, தூசு கீறுகிறது, பூ விழுகிறது. புரைக்கு இருப்பது போல உள்ளே ஒரு லென்ஸ் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

அதற்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். நெற்றிப் பொட்டில் விரலை வைத்துக்கொண்டு வாயை மென்று பாருங்கள். விரலுக்கு அடியில் ஒரு தசை எழும்பி எழும்பி அடங்கும். தாடையை இழுக்கும் தசை அது, முக நரம்புக்குக் கட்டுப்பட்டதல்ல, ஆகவே உயிரோடு இருக்கும். அதிலிருந்து ஒரு பட்டையைப் பிரித்து, தோலுக்கு அடியில் இமை வரை கொண்டுபோய், மேலொன்று கீழொன்றாக ஓட்டி, மூக்கோரத்தில் கட்டிவிடுகிறார்கள். அப்புறம் பல்லைக் கடித்தால் கண் மூடும். சாப்பிடும்போது கண் தானாகச் சிமிட்டும். மற்ற நேரத்தில் ஞாபகமாகப் பல்லைக் கடிக்கவோ எதையாவது மென்றுகொண்டிருக்கவோ வேண்டும். கண்ணைக் காப்பாற்ற மென்றுகொண்டே இருக்கும் மனிதர்! இதைப் படித்த அன்று நான் ராத்திரிச் சாப்பாட்டில் பாதி நேரம் பொட்டில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கோளாறுக்கு ஆபரேஷனே வேண்டாம். நாற்பதைத் தாண்டினால் லென்ஸ் விறைத்துப்போய்க் கிட்டத்தில் இருப்பது மங்கும். வெள்ளெழுத்து என்று அழகான பெயர் நமக்கு உண்டு. சாளேஸ்வரம் என்றும் சொல்வார்கள். எழுத்துப் படிக்காதவருக்கு எதற்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி என்று கேட்பவர்கள் ஊசியில் நூல் கோத்துப் பார்த்ததில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு முதலிலேயே கண்ணாடி கொடுத்தும், மற்றவர்களுக்குப் பின்னால் கொடுத்தும் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2018-ல் வந்தது. கண்ணாடி போட்டவர்களின் பறிப்பு, போடாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக ஏறியிருந்தது. தேயிலைக் கொழுந்துக்கே அப்படியென்றால் குடியாத்தத்து பீடிக்கும் ஆம்பூர் அப்பருக்கும் என்ன ஆகும் என்று யாராவது கணக்கெடுக்கலாம்.

அத்தையை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. முத்துவதைப் பற்றி நான் கொடுத்த விளக்கம் எதுவும் எடுபடவில்லை. அதே தெருவில் அப்பர் தைக்கும் ஒருத்தி ஆபரேஷன் முடிந்து வந்து, “ஒண்ணும் தெரியல அக்கா, மேல வெளிச்சம் மட்டும் தெரிஞ்சுது, எழுந்து வந்துட்டேன்” என்றாள். அது போதுமாக இருந்தது. கூட வர ஆள் வேண்டுமே, அது நான்.

கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். உள்ளே போனவர், நான் வாங்கிய டீ ஆறுவதற்குள் கண்ணில் பேடு ஒட்டிக்கொண்டு நடந்து வந்துவிட்டார். மறுநாள் காலை நீள பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் ஒவ்வொரு பேடாகப் பிரித்துக்கொண்டு வந்தார். பிரித்ததும் யாரும் சினிமாவில் வருவது மாதிரி கத்தவில்லை. ஒரு கிழவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம்.

“இன்னா நைனா, உனக்குத் தலை இவ்ளோ நரைச்சுப்போச்சு?”

மஞ்சளும் பழுப்புமாகிப்போன லென்ஸ் நீல வெளிச்சத்தை விழுங்கிவிடும். பிரெஞ்சு ஓவியர் மோனே, புரை இருந்த காலத்தில் தன் தோட்டத்துக் குளத்தைச் செம்பழுப்பாகத் தீட்டினார்; 1923-ல் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினார். இது எனக்கு அப்போது தெரியாது. ஒரு வாரம் கழித்து ஆம்பூருக்கு அவரைப் பார்க்கப் போனேன். சாட்சிக்கு வைத்திருந்த அந்த ஜோடி அவர் மடியில் இருந்தது. ஆபரேஷன் ஆன கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு தையலைப் பார்த்தார்: கருப்பு. கையை மாற்றி மற்றக் கண்ணைப் பொத்தினார்: நீலம். மறுபடி கருப்பு. மறுபடி நீலம். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்களையும் கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொன்னார். இரண்டு பேருக்கு, இரண்டு கண்ணிலும், நூல் கருப்பாகவே தெரிந்தது.